கார் மேற்கே போகவே இல்லையே, விடையில் மேற்கு எங்கிருந்து வந்தது?

மொரீஷியஸில் காத்ர் போர்ன் ஊரிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகள் எச்.எஸ்.சி. (மேல்நிலைப் பள்ளிச் சான்றிதழ்) முதல் வருடம். கணக்கு இதுதான்: கிழக்கு நோக்கி 20 மீ/வி வேகத்தில் வரும் கார் ஒரு ரவுண்டபவுட்டில் (வட்டச் சந்திப்பில்) இடப்பக்கம் திரும்பி, வடக்கு நோக்கி 15 மீ/வி வேகத்தில் வெளியே போகிறது. திரும்ப 5 வினாடி ஆனது. திசைவேகத்தின், அதாவது திசையோடு சேர்ந்த வேகத்தின், மாற்றம் எவ்வளவு? மகள் 20-இலிருந்து 15-ஐக் கழித்து 5 என்று எழுதினாள். அம்மா போட்டுப் பார்த்தாலும் 5தான் வருகிறது. புத்தகத்தின் கடைசியில் 25 மீ/வி, மேற்கிலிருந்து வடக்குப் பக்கமாக 37° என்று விடை இருக்கிறது. ட்யூஷனில் கேட்டதற்கு, முதல் அம்பைத் தலைகீழாகத் திருப்பி இரண்டாவது அம்போடு கூட்டச் சொல்லியிருக்கிறார்கள். அப்படிச் செய்தால் விடை வருகிறது, ஏன் வருகிறது என்று புரியவில்லை என்கிறார். கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "கார் மேற்கே போகவே இல்லையே, விடையில் மேற்கு எங்கிருந்து வந்தது?"

கேள்வியின் உயிர் அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. கழிக்கும் வழியை யாரும் ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். மாற்றம் என்ற அம்பு எதைக் காட்டுகிறது, வண்டி போன திசைக்கும் அதற்கும் என்ன உறவு என்று தெரியாவிட்டால், அந்த வழி அடுத்த மாதமே மறந்துபோகும். நான் ரோஸ் ஹில் பக்கம் மேல்நிலை வகுப்புகளுக்குப் பல வருடங்கள் இயற்பியல் நடத்தியவன். புத்தகம் ஆங்கிலத்தில், விளக்கம் பாதிக்கு மேல் எங்கள் பேச்சுமொழியான கிரியோலில் என்றுதான் எங்கள் வகுப்பு ஓடும். இதைத் தமிழில் ஒருவர் கேட்டிருப்பது மகிழ்ச்சியாக இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். உங்கள் புத்தகத்தில் கணக்கோடு ஒரு படம் இருந்திருக்கலாம். அதை நான் பார்க்கவில்லை, நீங்கள் எழுதியதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் கழித்தல் என்றால் என்ன என்று பார்ப்போம். காலையில் பர்ஸில் 200 ரூபாய் இருந்தது, மாலையில் 350 இருக்கிறது. மாற்றம் 150 என்கிறோம். அந்த 150 என்பது, பழைய தொகையோடு எவ்வளவு சேர்த்தால் புதிய தொகை வரும் என்ற கேள்விக்கான பதில். கழித்தலின் அர்த்தம் இவ்வளவுதான். திசைவேகத்திலும் இதே கேள்வியைத்தான் கேட்கிறோம்: பழைய திசைவேகத்தோடு எதைச் சேர்த்தால் புதிய திசைவேகம் கிடைக்கும்? ஒரே ஒரு வித்தியாசம், இங்கே சேர்க்க வேண்டியது அளவும் திசையும் கொண்ட ஓர் அம்பு. கிழக்கே 20 என்ற அம்போடு வெறும் 5-ஐச் சேர்த்தாலும் கழித்தாலும் அது கிழக்கே 25 ஆகும், இல்லாவிட்டால் கிழக்கே 15 ஆகும். ஒருநாளும் வடக்கே திரும்பாது. மகள் எழுதிய 5 தப்பில்லாத ஒன்றுதான், ஆனால் வேறு ஒரு கேள்விக்கான விடை. வேகமானியின் முள் எவ்வளவு இறங்கியது என்று கேட்டால் 5 மீ/வி சரி. வேகமானிக்குத் திசை தெரியாது.

இப்போது ஒரு கிராஃப் தாளை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 1 செ.மீ.க்கு 2 மீ/வி என்று வைத்துக்கொள்ளட்டும். தாளின் நடுவில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியிலிருந்து வலப்பக்கமாக 10 செ.மீ. நீளத்துக்கு ஓர் அம்பு, இது பழைய திசைவேகம். அதே புள்ளியிலிருந்து மேல்நோக்கி 7.5 செ.மீ. நீளத்துக்கு இன்னோர் அம்பு, இது புதியது. இரண்டு அம்புகளின் வாலும் ஒரே புள்ளியில் இருக்க வேண்டும், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். இனி பழைய அம்பின் நுனியில் பென்சிலை வைத்து, புதிய அம்பின் நுனி வரைக்கும் ஸ்கேலை வைத்து ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோடுதான் மாற்றம். அளந்தால் 12.5 செ.மீ. வரும், அதாவது 25 மீ/வி. பாகைமானியை வைத்தால் கோடு இடப்பக்கமும் மேல்பக்கமுமாகச் சாய்ந்து, கிடைக்கோட்டோடு 37° காட்டும். மேற்கிலிருந்து வடக்கே 37°. புத்தக விடை அப்படியே வந்துவிட்டது, எந்த அம்பையும் தலைகீழாகத் திருப்பவில்லை.

பழைய நுனியிலிருந்து புதிய நுனிக்கு ஏன் கோடு போட்டோம்? பழைய அம்பின் வழியாக அதன் நுனி வரைக்கும் போய்விட்டு, அங்கிருந்து இந்தக் கோட்டின் வழியாகப் போனால் புதிய அம்பின் நுனியில் நிற்போம். பழையதோடு இதைச் சேர்த்தால் புதியது என்பதை அந்தப் படமே காட்டிவிடுகிறது. என் மாணவர்களுக்கு நான் முதலில் காட்டியது எப்போதும் இந்தப் படம்தான். சூத்திரத்தை அதற்குப் பிறகுதான் கரும்பலகையில் எழுதுவேன்.

சரி, மேற்கு எங்கிருந்து வந்தது? வண்டி திருப்பத்துக்குள் நுழையும்போது அதற்குக் கிழக்கு நோக்கி 20 மீ/வி இருந்தது. வெளியே வரும்போது கிழக்கு நோக்கி எதுவுமே இல்லை. அந்த 20 தானாக மறையாது, யாராவது அதை எடுக்க வேண்டும். கிழக்கு நோக்கிய ஓட்டத்தை எடுக்க ஒரே வழி, மேற்குப் பக்கமாகத் தள்ளுவது. அதே போல வடக்கு நோக்கி முன்பு எதுவும் இல்லை, இப்போது 15 இருக்கிறது, அதைக் கொடுக்க வடக்கே தள்ள வேண்டும். ஆக மேற்கே 20, வடக்கே 15. இரண்டும் செங்கோணத்தில் இருப்பதால் 400-ம் 225-ம் சேர்ந்து 625, அதன் வர்க்கமூலம் 25. வண்டி மேற்கே போகவில்லை என்று நீங்கள் சொன்னது முற்றிலும் உண்மை. மேற்கே இருப்பது தள்ளலின் திசை, ஓட்டத்தின் திசை இல்லை.

இதை உடம்பாலேயே உணரலாம். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடி போகும்போது டிரைவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டே இடப்பக்கம் ஒடித்தால் என்ன ஆகிறது? உடம்பு முன்பக்கமும் வலப்பக்கமுமாகச் சரிகிறது. வலது தோள் பக்கத்தில் நிற்பவர்மேல் சாய்கிறது, முன்பாதம் தரையை அழுத்துகிறது, கம்பியைப் பிடித்த கை விறைக்கிறது. அந்தக் கை உங்களைப் பின்னாலும் இடப்பக்கமுமாக இழுக்கிறது. கிழக்கே போகும் பஸ்ஸுக்குப் பின்பக்கம் என்றால் மேற்கு, இடப்பக்கம் என்றால் வடக்கு. கை இழுக்கிற திசையும் கிராஃப் தாளில் போட்ட கோட்டின் திசையும் ஒன்றேதான். மகள் அடுத்த முறை ரவுண்டபவுட்டில் பஸ் திரும்பும்போது கையைக் கவனிக்கட்டும். ஒரு பக்கம் படித்ததைவிட அதிகம் மனதில் நிற்கும்.

இந்தக் கணக்கிலிருந்து எதை உறுதியாகச் சொல்லலாம், எதைச் சொல்ல முடியாது என்பதையும் பிரித்துவைப்பது நல்லது. தேர்வில் மாணவர்கள் தடுமாறுகிற இடங்களில் இது ஒன்று. மாற்றம் 25 மீ/வி என்பது உறுதி. வண்டி எந்தப் பாதையில் வளைந்தாலும், நடுவில் பிரேக் போட்டாலும், நின்றுவிட்டுக் கிளம்பினாலும் அது மாறாது. ஏனென்றால் முதல் அம்பும் கடைசி அம்பும் மட்டுமே கணக்கில் வருகின்றன. 25-ஐ 5 வினாடியால் வகுத்தால் 5 மீ/வி², இது சராசரி முடுக்கம், அதாவது ஒரு வினாடிக்குத் திசைவேகம் சராசரியாக எவ்வளவு மாறியது என்பது, இதன் திசையும் மேற்கிலிருந்து வடக்கே 37°. இதுவும் உறுதி. ஆனால் மூன்றாவது வினாடியில் முடுக்கம் எவ்வளவு என்று கேட்டால், கொடுத்த தகவலை வைத்துச் சொல்லவே முடியாது. டிரைவர் முதலில் நேராக பிரேக் போட்டுவிட்டு அப்புறம் திருப்பினாரா, இரண்டையும் சேர்ந்தாற்போல் செய்தாரா என்பதைப் பொறுத்து அது மாறும். வண்டியின் நிறை 1000 கிலோ என்றால் சராசரி விசை 5000 நியூட்டன், இதை ரோடு டயர்களின் வழியாகக் கொடுக்கிறது. புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல் என்பதால், காய்ந்த ரோட்டில் நல்ல டயர் இதைத் தாங்கும். கியூர்பீப் மழையில், தேய்ந்த டயரில் தாங்குமா என்றால் நான் உறுதி சொல்ல மாட்டேன். 20 மீ/வி என்பது மணிக்கு 72 கி.மீ. புத்தகத்தில் எண்கள் அழகாக வர வேண்டும் என்று அப்படிப் போடுகிறார்கள், யாரும் அந்த வேகத்தில் ரவுண்டபவுட்டுக்குள் நுழையக் கூடாது.

இனி ட்யூஷனில் சொன்ன வழிக்கு வருவோம். முதல் அம்பைத் தலைகீழாக்கிக் கூட்டுவது சரியான வழிதான். கிழக்கே 20-ஐக் கழிப்பதும் மேற்கே 20-ஐக் கூட்டுவதும் ஒன்று. புதிய அம்பின் நுனியில், திருப்பிய அம்பின் வாலை ஒட்டினால் அதே 25, அதே 37° வரும். இதில் எனக்குள்ள கவலை வேறு. இந்த வழியை மனப்பாடம் செய்த பிள்ளைகள் அவசரத்தில் எந்த அம்பைத் திருப்புவது என்பதை மறந்துவிடுகிறார்கள். சிலர் எதையுமே திருப்பாமல் அப்படியே கூட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்தாலும் இந்தக் கணக்கில் 25தான் வரும்! இரண்டு அம்புகளுக்கு நடுவே செங்கோணம் இருக்கும்போது கூட்டலின் அளவும் கழித்தலின் அளவும் சமமாகிவிடும். திசை மட்டும் மாறி, கிழக்கிலிருந்து வடக்கே 37° என்று நிற்கும். பிள்ளை புத்தகத்தைப் புரட்டி 25-ஐப் பார்த்ததும் தன் வழி சரி என்று நம்பிவிடும். தொடக்கநிலைப் புத்தகங்களில் பல கணக்குகள் செங்கோணத்தில்தான் வருகின்றன, அதனால் இந்தத் தவறான நம்பிக்கை மாதக்கணக்கில் வெளியே தெரியாமலே இருக்கும்.

செங்கோணம் இல்லாத ஒரு கணக்கைக் கொடுத்தால் உடனே தெரிந்துவிடும். 10 மீ/வி உள்ள இரண்டு திசைவேகங்கள், நடுவில் 60° கோணம். கூட்டினால் 17.3 மீ/வி. கழித்தால் 10 மீ/வி, ஏனென்றால் இரண்டு அம்புகளும் நுனிகளைச் சேர்க்கும் கோடும் சேர்ந்து ஒரு சமபக்க முக்கோணம். இணைகரம் வரையத் தெரிந்தவர்களுக்கு இதை ஒரே படத்தில் காட்டிவிடலாம்: வால் சேர்ந்த இடத்திலிருந்து எதிர் மூலைக்குப் போகும் மூலைவிட்டம் கூட்டல், இரண்டு நுனிகளையும் சேர்க்கும் மற்ற மூலைவிட்டம் கழித்தல். செவ்வகத்தில் மட்டும் இரண்டு மூலைவிட்டங்களும் ஒரே நீளம். உங்கள் மகள் இந்த ஒரு படத்தைக் கையால் வரைந்து பார்த்துவிட்டால் போதும், எந்த அம்பைத் திருப்புவது என்ற குழப்பம் மறுபடி வராது. வரிசையும் முக்கியம். எப்போதும் புதியதிலிருந்து பழையதைக் கழிக்க வேண்டும், கோடும் பழைய நுனியிலிருந்து புதிய நுனிக்குப் போக வேண்டும். மாற்றிப் போட்டால் அளவு அதேதான், ஆனால் அம்புமுனை எதிர்ப்பக்கம் இருக்கும், கிழக்கிலிருந்து தெற்கே 37° என்று.

நேர்க்கோட்டில் நடக்கும் கணக்குகள் சுலபம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. ஒரு கால்பந்து கோல் கம்பத்தை நோக்கி 12 மீ/வி-இல் போய் மோதி, வந்த வழியே 9 மீ/வி-இல் திரும்புகிறது. மாற்றம் 3 என்று எழுதுவார்கள். போன திசையைக் கூட்டல் குறி என்று வைத்தால் பழையது +12, புதியது −9. −9-இலிருந்து 12-ஐக் கழித்தால் −21. கம்பம் முதலில் 12-ஐயும் நிறுத்த வேண்டும், அப்புறம் எதிர்ப்பக்கமாக 9 கொடுக்க வேண்டும், இரண்டு வேலைக்கும் சேர்த்து 21. பந்தின் நிறை 0.43 கிலோ, மோதல் 0.01 வினாடி நீடித்தது என்று வைத்துக்கொண்டால், சராசரி விசை சுமார் 900 நியூட்டன். 3 என்று போட்டவருக்குக் கிடைப்பது சுமார் 130 நியூட்டன். ஒரு கழித்தல் குறியை விட்டதற்கு ஏழு மடங்கு தவறு. மோதல் நீடித்த நேரம் நானாக வைத்துக்கொண்டது, அது மாறினால் இரண்டு விசைகளும் மாறும், ஆனால் அந்த ஏழு மடங்கு மாறாது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் எறிந்த கல். கடற்கரையில் நின்று ஒரு கல்லைச் சாய்வாக மேல்நோக்கி எறியுங்கள். எறியும்போது கிடைத்திசையில் 10 மீ/வி, மேல்நோக்கி 9.8 மீ/வி என்று இருக்கட்டும். காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்க வேண்டாம். ஒரு வினாடியில் கல் உச்சிக்குப் போகும், அங்கே அதன் திசைவேகம் கிடைத்திசையில் 10 மட்டும். இரண்டாவது வினாடி முடிவில் கிடைத்திசையில் 10, கீழ்நோக்கி 9.8. வேகத்தைப் பாருங்கள்: முதலில் 14, உச்சியில் 10, கடைசியில் மறுபடி 14. வேகத்தின் மாற்றம் முதல் வினாடியில் −4, இரண்டாவதில் +4, மொத்தத்தில் பூச்சியம். இந்த எண்களை வைத்துக்கொண்டு எந்த விதியையும் கண்டுபிடிக்க முடியாது. இப்போது மூன்று அம்புகளையும் ஒரே புள்ளியிலிருந்து வரையுங்கள். மூன்று நுனிகளும் ஒரே செங்குத்துக் கோட்டில் வரிசையாக நிற்கும். முதல் வினாடியின் மாற்றம் நேர் கீழே 9.8, இரண்டாவது வினாடியின் மாற்றமும் நேர் கீழே 9.8. எந்தக் கோணத்தில் எறிந்தாலும், எவ்வளவு வேகமாக எறிந்தாலும் இதேதான். கல் மேலே போகிறதா, பக்கவாட்டில் போகிறதா, விழுகிறதா என்பதைப் பூமி பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு வினாடியும் அதே அளவு, அதே திசையில் மாற்றுகிறது. வேகத்தை மட்டும் பார்த்தால் தெரியாத ஒழுங்கு, அம்புகளைக் கழித்தால் கண்முன் வந்து நிற்கிறது. இதைக் கரும்பலகையில் வரைந்து முடிக்கும்போது ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு சந்தோஷம் வரும், இன்றைக்கும் வருகிறது.

நியூட்டன் 1687-இல் வெளியிட்ட இரண்டாம் விதியும் இதைத்தான் பேசுகிறது. இயக்கத்தில் ஏற்படும் மாற்றம் கொடுத்த விசைக்கு விகிதமாக இருக்கும், அந்த விசை செயல்படும் நேர்க்கோட்டின் திசையிலேயே அது நிகழும் என்பது அதன் சாரம். விசையின் திசை ஓட்டத்தின் திசையோடு சேர வேண்டியதில்லை, மாற்றத்தின் திசையோடு கட்டாயம் சேர்ந்தாக வேண்டும். அம்புகளைக் கூட்டிக் கழிக்க நாம் இன்று எழுதும் வெக்டர் முறை அப்போது இல்லை, கிப்ஸ், ஹெவிசைட் என்ற இரண்டு அறிஞர்கள் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் அதை இந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆனாலும் கருத்து அன்றே முழுதாக இருந்தது. உங்கள் மகள் ஏன் இந்தக் கழித்தலை இவ்வளவு கவனமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டால் என் பதில் இதுதான்: விசை, உந்தம், கணத்தாக்கு, வட்ட இயக்கம் எல்லாம் இந்த ஒரு அம்பின் மேல் நிற்கின்றன.

வட்ட இயக்கத்தைக் கொஞ்சம் பார்ப்போம், ரவுண்டபவுட்டில் தொடங்கியதால் அது பக்கத்தில்தான் இருக்கிறது. வேகம் மாறாமல் திசை மட்டும் திரும்பினால் மாற்றத்தின் அளவு, வேகத்தின் இரண்டு மடங்கைத் திரும்பிய கோணத்தில் பாதியின் சைனால் பெருக்கியது. 10 மீ/வி-இல் 60° திரும்பினால் 10, 90° திரும்பினால் 14.1, நேர் எதிராகத் திரும்பினால் 20, முழுச் சுற்று சுற்றினால் பூச்சியம். கோணத்தைக் குறைத்துக்கொண்டே போனால், நுனிகளைச் சேர்க்கும் கோடு திசைவேகத்துக்குச் செங்குத்தாக, வட்டத்தின் மையத்தைப் பார்த்துத் திரும்பிவிடும். மையநோக்கு முடுக்கம் மையத்தைப் பார்ப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். அதன் அளவு, வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தது என்பதும் இந்தப் படத்திலிருந்தே வருகிறது, அடுத்த அத்தியாயத்தில் மகளே செய்துவிடுவாள்.

அதே சூத்திரம் விண்வெளியில் என்ன செய்கிறது என்று பாருங்கள். மொரீஷியஸின் முதல் செயற்கைக்கோள் மிர்-சாட் 1, 2021 ஜூனில் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து வெளியே விடப்பட்டது. நிலையம் வினாடிக்குச் சுமார் 7.7 கி.மீ. வேகத்தில், நிலநடுக்கோட்டுக்கு 51.6° சாய்ந்த தளத்தில் சுற்றுகிறது. அங்கிருந்து விட்ட சின்னச் செயற்கைக்கோள் அதே தளத்தில்தான் சுற்றும். வேகத்தைக் கூட்டாமல் குறைக்காமல், தளத்தை வெறும் 10° திருப்ப வேண்டும் என்றால்கூட, 7.7-இன் இரண்டு மடங்கை 5°-இன் சைனால் பெருக்க வேண்டும். கிட்டத்தட்ட வினாடிக்கு 1.3 கி.மீ. ஆகிறது. 60° திருப்ப முழுதாக 7.7 கி.மீ. வேண்டும், அதாவது அந்தச் செயற்கைக்கோளுக்கு இருக்கும் வேகம் எவ்வளவோ அவ்வளவும். வேகமானி மட்டும் பார்ப்பவருக்கு இதில் மாற்றமே இல்லை. எரிபொருளுக்குப் பொறுப்பானவருக்கு இது மலை போன்ற மாற்றம்.

நம் தீவுக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த இன்னோர் உதாரணம் புயல். அதில் ஓர் எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தென் அரைக்கோளத்தில் புயல்காற்று மையத்தைச் சுற்றி வலஞ்சுழியாக வீசும். புயல் தென்மேற்காக நகர்ந்து அதன் கண் நேராக நம் தலைக்கு மேல் வந்தால், முன்பாதியில் காற்று தென்கிழக்கிலிருந்து அடிக்கும். நடுவில் அமைதி. பிறகு வடமேற்கிலிருந்து அடிக்கும். 1960-இல் கரோல், 1975-இல் ஜெர்வேஸ் என்று கண் தீவின் மேலேயே கடந்த புயல்களைப் பார்த்த பெரியவர்கள், நடுவில் வரும் அமைதியை நம்பி வெளியே போகாதே என்று அதனால்தான் சொல்வார்கள். இரண்டு பக்கமும் மணிக்கு 120 கி.மீ. என்று வைத்தால், வேகத்தில் மாற்றம் இல்லை, திசைவேகத்தில் மாற்றம் 240 கி.மீ., தென்கிழக்கு நோக்கி. கழித்தல் சரி. ஆனால் இந்த 240-ஐ நேரத்தால் வகுத்து முடுக்கம் என்றோ, நிறையால் பெருக்கி விசை என்றோ எழுதக் கூடாது. முதலில் அடித்த காற்றும் பிறகு அடித்த காற்றும் வேறு வேறு காற்று, ஒரே பொருளின் திசைவேகம் மாறவில்லை. ஒரே இடத்தில் நின்று அளந்த இரண்டு அளவுகளின் வித்தியாசம் அது. வீட்டுச் சுவரின் மேல் விழும் அழுத்தம் அந்தந்த நேரத்துக் காற்றின் வேகத்தைப் பொறுத்தது, இந்த வித்தியாசத்தைப் பொறுத்தது இல்லை. நியூட்டனின் விதியைப் பயன்படுத்தும் முன், இரண்டு அம்புகளும் ஒரே பொருளுடையவையா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ள வேண்டும். சார்புத் திசைவேகக் கணக்குகளிலும் இதே கழித்தல் வரும், படகுக்குக் காற்று எப்படித் தெரிகிறது என்பது போல. அங்கேயும் இரண்டு வேறு பொருள்கள், ஒரே நேரம். கழிக்கும் முறை ஒன்று, கிடைப்பதன் அர்த்தம் வேறு.

தேர்வில் எப்படி எழுதுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அளவு எடுத்து வரைந்து விடை காணச் சொன்னால், மேலே சொன்ன கிராஃப் தாள் முறையே போதும். எந்த அளவில் வரைந்தோம் என்பதை ஓரத்தில் எழுதிவிட வேண்டும், அம்புமுனைகளைத் தெளிவாகப் போட வேண்டும். கணக்காகப் போடச் சொன்னால் கிழக்கு, வடக்கு என்று கூறுகளாகப் பிரிப்பதுதான் எனக்குத் தெரிந்து தவறு குறைந்த வழி. பழையது கிழக்கே 20, வடக்கே 0. புதியது கிழக்கே 0, வடக்கே 15. கூறுக்குக் கூறு கழித்தால் கிழக்கே −20, வடக்கே +15. கிழக்கே −20 என்றால் மேற்கே 20. எந்தத் திசையைக் கூட்டல் குறி என்று எடுத்துக்கொண்டோம் என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடட்டும். கேள்வியில் வேக மாற்றம் கேட்டிருக்கிறார்களா, திசைவேக மாற்றம் கேட்டிருக்கிறார்களா என்று அந்தச் சொல்லின் அடியில் ஒரு கோடு போட்டுக்கொள்ளட்டும். திசைவேகம் என்றால் விடையில் அளவோடு திசையும் இருக்க வேண்டும், 25 மீ/வி என்று மட்டும் எழுதினால் பாதி விடைதான். முடித்த பிறகு பழையதோடு விடையைக் கூட்டிப் பார்த்தால் புதியது வர வேண்டும். பத்து வினாடி வேலை, அதிலேயே தவறு தெரிந்துவிடும்.

மகளுக்கு ஒரு கணக்கு தருகிறேன், செங்கோணம் இல்லாதது. ஒருவர் சைக்கிளில் வடக்கு நோக்கி 10 மீ/வி-இல் போகிறார். வளைவில் திரும்பி, வடக்கிலிருந்து கிழக்குப் பக்கமாக 60° சாய்ந்த திசையில் அதே 10 மீ/வி-இல் போகிறார். முதலில் ஒரே புள்ளியிலிருந்து இரண்டு அம்புகளை வரைந்து நுனிகளைச் சேர்க்கட்டும், அப்புறம் கூறுகளாகப் பிரித்துப் போடட்டும். இரண்டிலும் 10 மீ/வி, கிழக்கிலிருந்து தெற்கே 30° என்று வர வேண்டும். வேறு ஏதாவது வந்தால் வரைந்த படத்தையும் சேர்த்து இங்கே போடச் சொல்லுங்கள், எந்த இடத்தில் மாறியது என்று பார்த்துச் சொல்கிறேன்.